கல்பாத்தி இராமநாதனும் தென் துருவமும்

விஞ்ஞானம் பயிலும் நம் தோழர்களிடையே அண்மைக் காலத்தில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. தென் துருவத்திலோ வட துருவத்திலோ ஆராய்ச்சி செய்ய வேண்டுமானால் எந்த நாட்டுக்குப் போக வேண்டும்? அதற்குப் பணம் யார் தருவார்கள்? படித்து முடித்த பின் அதில் பிழைப்பு உண்டா? விடுதி அறைகளில் இரவு பதினொரு மணிக்கு மேல் நடக்கும் இந்த உரையாடல்களில் நார்வே, ஜெர்மனி, இங்கிலாந்து என்று நாடுகளின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். முடிவில் யாராவது ஒருவர் பெருமூச்செறிந்து, நாகர்கோவிலிலிருந்தும் தென்காசியிலிருந்தும் இங்கே வந்து படிக்கும் நமக்கு அதெல்லாம் எட்டாக் கனி என்பார். அத்துடன் விளக்கு அணையும்.

இக்கேள்விகளுக்கு விடை தேடுமுன் ஒருவருடைய வாழ்க்கையை நாம் அறிந்துகொள்வது நல்லது. அவர் நம் மொழியையே வீட்டு மொழியாகக் கொண்டவர். நாம் நாள்தோறும் கடந்து போகும் பாளையத்துக் கல்லூரியில் ஏழு ஆண்டுகள் டெமான்ஸ்ட்ரேட்டராக வேலை பார்த்தவர். துருவப் பயணக் குழு எதிலும் அவர் பெயர் இல்லை. ஆயினும், பன்னிரண்டு நாடுகளின் விஞ்ஞானிகள் தென் துருவக் கண்டத்தில் பாடி இறங்க ஆயத்தமான ஆண்டுகளில், உலகப் பூபௌதிக அறிஞர்களின் பெருஞ்சங்கத்துக்குத் தலைவராக வீற்றிருந்தவர் அவரே. டாக்டர் கல்பாத்தி இராமகிருஷ்ண இராமநாதன் என்பது அவர் முழுப் பெயர். வானிலைத் துறையினர் கே. ஆர். இராமநாதன் என்பர்.

காசியில் பாதி கல்பாத்தி என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். பாலக்காட்டை அடுத்து, ஆற்றங்கரையில், இருமருங்கும் வீடுகள் நெருங்கி நிற்கும் தமிழ் அக்கிரகாரம் அது. மலையாள நாட்டின் நடுவே தமிழ் பேசி வாழ்ந்த குடும்பங்கள் அங்கே பல தலைமுறைகளாகத் தழைத்திருந்தன. அத்தகைய குடும்பம் ஒன்றில் 1893ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் இராமநாதன் பிறந்தார். தந்தையார் இராமகிருஷ்ண சாஸ்திரிகள் வடமொழிப் புலமை உடையவர். புலமை இருந்த வீட்டில் செல்வம் மிகுந்திருக்கும் என்று நாம் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

பாலக்காட்டு விக்டோரியா கல்லூரியில் தொடங்கிய படிப்பு, சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிக ஆனர்ஸாக நிறைவெய்தியது. பாலக்காடு அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்ததாகையால் சென்னைக்குப் போய்ப் படிப்பது இயல்பான வழியாக இருந்தது. படிப்பு முடிந்ததும் பிழைப்புக்கு ஒரு வேலை வேண்டும். 1914இல் அந்த வேலை திருவனந்தபுரத்தில் கிடைத்தது. இன்று யூனிவர்சிட்டி கல்லூரி என்று நாம் அழைக்கும் அந்நாளைய மகாராஜா கல்லூரியில் பௌதிக டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை.

அதே 1914ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வேறொரு காட்சி நடந்துகொண்டிருந்தது. எர்னஸ்ட் ஷாக்கிள்டன் என்ற துருவ வீரர் தென் துருவக் கண்டத்தைக் குறுக்கே கடந்து விடுவதென்று புறப்பட்டார். அரசாங்கம் அவருக்கு 10,000 பவுன் கொடுத்தது. மீதிக்குச் செல்வர்களின் வாயிற்படி ஏறி இறங்கினார். டண்டீ நகரத்துச் சணல் ஆலை முதலாளி சர் ஜேம்ஸ் கேர்டு என்பவர் 24,000 பவுனை அள்ளிக் கொடுத்தார். அந்தச் சணல் விளைந்தது வங்காளத்தில், நூலானது டண்டீயில், பணமாகிச் செலவானது தென் துருவப் பனியில். துருவ ஆராய்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் தோழர்கள் இந்தக் கணக்கையும் சற்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம். துருவப் பயணம் என்பது அக்காலத்தில் கொடையாளியைப் பிடிக்கத் தெரிந்தவர்களின் தொழிலாக இருந்தது. கல்பாத்திச் சாஸ்திரிகளின் மகனுக்கு எந்தச் சணல் முதலாளியைத் தெரியும்?

டெமான்ஸ்ட்ரேட்டர் வேலையை நாம் அறிவோம். கருவிகளை எடுத்து வைக்க வேண்டும். லென்சுகளைத் துடைக்க வேண்டும். மாணவர்கள் தப்பும் தவறுமாக எழுதிக் கொண்டு வரும் அளவுகளைத் திருத்த வேண்டும். இதில் ஆராய்ச்சிக்கு இடம் எங்கே என்று கேட்டால், இராமநாதன் அந்த இடத்தைக் கல்லூரிக்குச் சற்றுத் தொலைவில் ஒரு குன்றின்மேல் கண்டுகொண்டார். அதுதான் நம் வானாய்வுக் கூடம்.

இந்தக் கூடத்தின் கதை தனியாக எழுதத் தக்கது. சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் நிறுவியது அது. ஜான் கால்டிகாட் என்ற ஆங்கிலேயர் அதன் முதல் அதிபர். 1839ஆம் ஆண்டு வாக்கில் பூமியின் காந்த சக்தியை உலகம் முழுவதும் ஒரே சமயத்தில் அளந்துவிட வேண்டும் என்று பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் பெருமுயற்சி ஒன்றைத் தொடங்கினார்கள். அம்முயற்சியின் ஒரு கை, ஜேம்ஸ் கிளார்க் ராஸ் என்பவரின் தலைமையில் இரண்டு கப்பல்களாகத் தென் துருவக் கடலுக்குப் போயிற்று. மறு கை, பல நாடுகளில் காந்த ஆய்வுக் கூடங்களாக எழுந்தது. திருவிதாங்கூர் மகாராஜாவின் கூடமும் அந்த வேலையில் சேர்ந்துகொண்டது. காந்த ஊசி படுகிடையாக நிற்கும் கோடு நம் பக்கமாகச் செல்வதால் இங்கே எடுக்கும் அளவுக்குத் தனி மதிப்பு உண்டு. ஆக, துருவ ஆராய்ச்சிக்கும் திருவனந்தபுரத்துக்கும் உள்ள உறவு நேற்று முளைத்ததன்று. ஒன்றே முக்கால் நூற்றாண்டைத் தாண்டியது. கேரளப் பல்கலைக் கழகத்தின் பொறுப்பிலுள்ள அந்தக் கூடத்தை நம்மில் எத்தனை பேர் ஏறிப் பார்த்திருக்கிறோம் என்பது வேறு விஷயம்.

இராமநாதன் கல்லூரி வேலையோடு இந்தக் கூடத்தின் பொறுப்பையும் கௌரவப் பதவியாக ஏற்றார். திருவனந்தபுரத்து இடிமழையை அவர் ஆராய்ந்தார். சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் மூன்று மணிக்குத் திடீரென்று இருண்டு, இடித்து, கொட்டித் தீர்த்துவிட்டு ஓயும் அந்த மழையில் நாம் குடையை மறந்து நனைவதோடு சரி. அவர் அது எப்போது வருகிறது, எத்தனை முறை வருகிறது, ஏன் வருகிறது என்று குறித்துக்கொண்டு உட்கார்ந்தார். வளிமண்டலம் என்னும் பெரும் பொருள் அவர் உள்ளத்தில் குடிபுகுந்தது இந்த ஊரில்தான் என்று நான் நினைக்கிறேன்.

ஏழாண்டுகள் கடந்தன. 1921இல் அவர் கல்கத்தா சென்று, பவ்பஜார் தெருவில் 210ஆம் எண் கட்டடத்தில் இயங்கிய விஞ்ஞான வளர்ப்புச் சங்கத்தில் சி. வி. ராமனுடன் சேர்ந்தார். சென்னைப் பல்கலைக் கழகத்தின் உபகாரச் சம்பளம் அவருக்கு அங்கே ஆராய்ச்சி செய்ய வழி திறந்தது. நிலையான வேலையை விட்டு, சிறிது காலமே நிற்கும் உதவியை நம்பி, இருபத்தெட்டு வயதில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மைல் ரயிலேறிப் போவதென்றால் எளிதா? நம்முடைய வீடுகளில் இன்று அப்படி ஒரு பேச்சை எடுத்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அம்மா ஒரு நாள் சாப்பிட மாட்டார். அப்பா வேலை உத்தரவை எடுத்து மேசைமேல் வைப்பார்.

கல்கத்தாவில் அவர் செய்த வேலை ஒளிச் சிதறல் பற்றியது. 1923இல், மிகத் தூய்மையாக வடித்தெடுத்த நீரினூடே ஒளியைச் செலுத்திப் பார்த்தபோது, சிதறிய ஒளியில் நிறம் மாறிய மங்கலான ஒரு கூறு தோன்றியது. நீரில் அழுக்கு இருப்பதால் வரும் ஒளிர்வு என்று எண்ணி மேலும் மேலும் வடித்தார். அந்த மங்கல் மறையவில்லை. ஐந்தாண்டு கழித்து 1928இல் அந்த மங்கலுக்கு ராமன் விளைவு என்று பெயர் வந்தது. தம் நோபெல் பரிசு உரையில் இராமநாதனின் இந்த வேலையை ராமன் நினைவு கூர்ந்தார். இந்தக் கட்டத்தைப் பற்றி எழுத இன்னும் நிறைய உண்டு. ஆயினும் நாம் துருவத்தை நோக்கிப் போக வேண்டியவர்கள்.

சென்னைப் பல்கலைக் கழகம் அவருக்கு டி.எஸ்ஸி. பட்டம் அளித்தது. ரங்கூன் பல்கலைக் கழகத்தில் உதவிப் பேராசிரியராகச் சில ஆண்டுகள் பணியாற்றினார். 1925இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்தார்.

இந்த வானிலைத் துறைக்கும் தென் துருவத்துக்கும் முன்பே ஒரு தொடர்பு இருந்தது. சிம்லாவில் அத்துறையில் வேலை பார்த்த ஜார்ஜ் சிம்ஸன் என்ற ஆங்கிலேயரைக் காப்டன் ஸ்காட் தம் 1910ஆம் ஆண்டுத் தென் துருவப் பயணத்துக்கு வானிலை அறிஞராக அழைத்துச் சென்றார். அவர் அங்கே எடுத்த அளவுகளைத் தொகுத்து எழுதிய பெருநூலின் முதற் பகுதி 1919இல் கல்கத்தாவில்தான் அச்சேறியது. ஸ்காட்டின் குழுவில் இந்தியர் ஒருவரும் இல்லை. ஆனால் இந்தியாவிலிருந்து ஏழு கோவேறு கழுதைகள் பனியில் நடக்கப் பழக்கப்பட்டுக் கப்பலேற்றி அனுப்பப்பட்டன. நம் நாட்டின் பங்கு அந்நாளில் அவ்வளவே. இந்தச் செய்தியை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அத்தகைய துறையில் சேர்ந்த இராமநாதனுக்குக் கிடைத்தவை கப்பலும் பனியும் அல்ல, பலூன்கள். ஆக்ராவில் சிறு கருவிகளைப் பலூனில் கட்டி மேலே அனுப்புவார்கள். பலூன் மேலேறி வெடிக்கும். கருவி எங்கோ வயலில் விழும். கண்டெடுத்துத் தருவோருக்குச் சன்மானம் உண்டு என்ற சீட்டு அதனோடு இருக்கும். உழவர் கொண்டுவந்து கொடுத்த கருவியின் கீறல்களிலிருந்து மேலே இருந்த வெப்ப நிலையைக் கணக்கிட வேண்டும். இப்படிச் சேர்ந்த கீறல்களையும் பிற நாடுகளிலிருந்து வந்த அளவுகளையும் ஒன்றுசேர்த்து, பூமத்திய ரேகையிலிருந்து துருவம் வரை, தரையிலிருந்து 25 கிலோமீட்டர் உயரம் வரை, வளிமண்டலத்தின் வெப்ப நிலையை ஒரே படமாக அவர் வரைந்தார். 1929இல் நேச்சர் இதழில் அது வெளிவந்தது.

அந்தப் படம் சொன்ன செய்தி விந்தையானது. தரையில் குளிர் மிகுந்த இடம் துருவம். வெப்பம் மிகுந்த இடம் நம் பக்கம். ஆனால் மேலே ஏறிப் போனால் கதை தலைகீழாகிறது. பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில், பூமியைச் சுற்றித் தட்டையான ஒரு வளையம்போல் மிகக் குளிர்ந்த காற்று கிடக்கிறது. அதன் வெப்ப நிலை பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 88 பாகை. அதே உயரத்தில் துருவத்தை நோக்கிப் போகப் போகக் காற்று வெதுவெதுப்பாகிறது. சங்குமுகம் கடற்கரையில் வியர்த்து விறுவிறுத்து நின்று அண்ணாந்து பார்க்கிறோமே, அந்த வானத்தில், இங்கிருந்து வர்க்கலை வரை உள்ள தொலைவில் பாதிகூட இல்லாத உயரத்தில், துருவக் குளிர் நம் தலைமேல் தொங்குகிறது. துருவத்தின் நீண்ட குளிர்கால இருளில் அங்குள்ள மேல்காற்றும் இவ்வளவு குளிரும் என்பது பின்னால் வந்த அறிவு. அதற்கு மறுபடி வருவோம்.

மேல்காற்று வெதுவெதுப்பாவதற்குக் காரணம் ஓசோன். சூரியனின் புறஊதாக் கதிரை உறிஞ்சி அது காற்றைச் சூடாக்குகிறது. எனவே இராமநாதனின் பார்வை ஓசோனின் பக்கம் திரும்பியது இயல்பே. ஆக்ஸ்போர்டில் டாப்ஸன் என்ற பேராசிரியர் ஓசோனை அளக்கக் கருவி செய்து, 1928இல் அவற்றை உலகின் பல மூலைகளுக்கு அனுப்பினார். அவற்றுள் ஒன்று வந்து சேர்ந்த இடம் நம் கொடைக்கானல். மறு ஆண்டு, 1929இல், கோட்ஸ் என்ற ஸ்விஸ் நாட்டு ஆராய்ச்சியாளர் வட துருவத்தை அடுத்த ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்குப் போனார். அங்கே சூரியன் அடிவானத்தை ஒட்டியே நெடுநேரம் உருளும். தலைக்கு மேலுள்ள வானத்திலிருந்து வரும் இரண்டு புறஊதா நிறங்களின் விகிதத்தை அவர் அளந்துகொண்டே வந்தார். சூரியன் இறங்க இறங்க விகிதம் ஒரே திசையில் மாறிக்கொண்டு வந்து, சூரியன் அடிவானத்தை நெருங்கியதும் திடீரென்று எதிர்த் திசையில் திரும்பியது. அதற்கு அவர் ஜெர்மன் மொழியில் உம்கேர் என்று பெயரிட்டார். திரும்புதல் என்பது பொருள். அந்தத் திருப்பத்தை நுணுகிக் கணக்கிட்டால், தரையில் நின்றபடியே எந்த உயரத்தில் எவ்வளவு ஓசோன் இருக்கிறதென்று சொல்லிவிடலாம்.

இதை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. துருவத் தீவில் பிறந்த இந்த முறையை இந்திய வானத்துக்குப் பயன்படுத்தியவர் இராமநாதன். அதோடு அவர் நிற்கவில்லை. கணக்கிடும் வழியையே செம்மைப்படுத்தி, தம் மாணவர் ஜே. வி. தவேயுடன் சேர்ந்து 1957இல் வெளியிட்டார். சர்வதேச பூபௌதிக ஆண்டின் வெளியீட்டுத் தொகுதியிலேயே அது இடம் பெற்றது. ஸ்பிட்ஸ்பெர்கனில் எழுந்த கேள்விக்கு அகமதாபாத்தில் கணக்குப் போடப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது.

அகமதாபாத் எப்படி வந்தது? 1948இல், ஐம்பத்தைந்து வயதில், அவர் அரசாங்கப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். பலர் கட்டிலைத் திண்ணைக்கு மாற்றும் வயது அது. இராமநாதனோ விக்ரம் சாராபாய் என்ற இளைஞர் முந்தின ஆண்டில் தொடங்கியிருந்த பௌதிக ஆராய்ச்சிக் கூடத்துக்கு முதல் அதிபராகப் போனார். ஒரு கல்லூரியின் சில அறைகளில் தொடங்கிய கூடம் அது. உள்ளூர்க் கல்வி அறக்கட்டளைகளின் பணம் முதலில் அதைத் தாங்கியது. சொந்தக் கட்டடத்தை 1954இல் நேரு திறந்து வைத்தார். அதிபர் பதவியில் 1966 வரை இருந்தார். அதன் பிறகும் அந்தக் கூடத்தை விட்டு அவர் போகவில்லை. விண்வெளி ஆராய்ச்சி என்றதும் நமக்கு சாராபாயின் பெயர் நினைவுக்கு வருகிறது, சரியே. ஆனால் அந்த இளைஞர் உலகம் சுற்றித் திட்டம் தீட்டிய ஆண்டுகளில் கூடத்தில் உட்கார்ந்து மாணவர்களை ஆளாக்கியவர் கல்பாத்திக்காரர்.

1951 முதல் 1954 வரை அவர் சர்வதேச வானிலைச் சங்கத்தின் தலைவர். 1954 முதல் 1957 வரை, பூமியின் வடிவம், காந்தம், கடல், காற்று, எரிமலை, நிலநடுக்கம் ஆகியவற்றை ஆராய்வோர் அனைவரையும் ஒன்றுசேர்க்கும் சர்வதேச ஒன்றியத்தின் தலைவர். சர்வதேச பூபௌதிக ஆண்டுக்கு உலகம் ஆயத்தமான ஆண்டுகள் அவை. 1957 ஜூலை முதல் 1958 டிசம்பர் வரை நீண்ட அந்த ‘ஆண்டில்’ 67 நாடுகள் பங்கு பெற்றன. பன்னிரண்டு நாடுகள் தென் துருவக் கண்டத்தில் நிலையங்கள் அமைத்தன. பிரிட்டிஷார் ஹாலி விரிகுடாவில் ஒரு டாப்ஸன் கருவியைக் கொண்டுபோய் வைத்து 1956 முதல் ஓசோனை அளக்கத் தொடங்கினார்கள்.

பன்னிரண்டில் இந்தியா இல்லை. ஒன்றியத்தின் தலைவர் இந்தியர். ஆனால் பனிக்கண்டத்தில் இந்தியக் கொடி இல்லை! பணம் இல்லாத புதிய குடியரசு தன் நிலத்திலேயே அளந்தது. திருவனந்தபுரத்திலும் அண்ணாமலை நகரிலும் 1957இல் காந்த ஆய்வு நிலையங்கள் தோன்றின. கொடைக்கானல் சூரியனைக் கவனித்தது. பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பெங்களூரில் ராமனிடம் ஆராய்ச்சி செய்த அன்னா மாணி அம்மையார் நாடெங்கும் சூரிய கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை அமைத்தார். அந்த அம்மையார் பௌதிகம் படிக்க வெளிநாடு போக விரும்பினார். 1945இல் அரசாங்கத்தின் உபகாரச் சம்பளம் வானிலைக் கருவிகளுக்கு மட்டுமே கிடைத்தது. அதை ஏற்று லண்டன் போனார். விரும்பிய வாசல் மூடியிருந்தது, திறந்திருந்த வாசலில் நுழைந்தார் என்று இதைச் சொல்லலாம். பலூனில் ஏறிப் போய் ஓசோனை அளக்கும் இந்தியக் கருவி அவர் முயற்சியில் உருவாயிற்று. அதே வகைக் கருவிகள் பிற்காலத்தில் தென் துருவத்தின் இந்திய நிலையங்களிலிருந்தும் மேலே பறந்தன. 1987இல் அவருக்குக் கிடைத்த பதக்கத்தின் பெயர் கே. ஆர். இராமநாதன் பதக்கம். 2001இல் இதே திருவனந்தபுரத்தில் அவர் காலமானார்.

1960களில் இராமநாதன் சர்வதேச ஓசோன் ஆணையத்தின் தலைவராகவும் விளங்கினார். வெப்ப மண்டலத்தில் ஓசோனின் அளவு ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஏறி இறங்குவதை 1963இல் எடுத்துக்காட்டினார். 1961இல் உலக வானிலை நிறுவனத்தின் பரிசும், 1965இல் பத்மபூஷணும், 1976இல் பத்மவிபூஷணும் வந்தன. இவற்றை அடுக்கிக்கொண்டு போவதில் பயனில்லை. நமக்கு வேண்டிய செய்தி வேறு.

அவர் வளர்த்த கூடத்திலிருந்து ஓர் இளைஞர் தென் துருவத்துக்குப் போனார். அவர் பெயர் பரம்ஜித் சிங் சேரா. நம் தும்பாவிலிருந்து சோவியத் நாட்டு எம்-100 வானிலை ராக்கெட்டுகள் 1970 முதல் ஏவப்பட்டு வந்தன. அந்த ஒத்துழைப்பின் தொடர்ச்சியாக, 1971 முதல் 1973 வரை சோவியத் துருவக் குழுவோடு சேர்ந்து, மலதியோஷ்னயா நிலையத்தில் குளிர்காலத்தையும் கழித்து, அதே வகை ராக்கெட்டுகளால் மேல்காற்றை ஆராயும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அழைப்பு ஆகாயத்திலிருந்து விழவில்லை. இங்கே ராக்கெட் ஏவத் தெரிந்ததால் அங்கே இடம் கிடைத்தது. பணத்தைப் பற்றிக் கேட்கும் தோழர்கள் இந்த இடத்தில் நிற்க வேண்டும். ஷாக்கிள்டனுக்குச் சணல் முதலாளி கொடுத்தார். சேராவுக்கு இரண்டு நாடுகளின் விஞ்ஞான உடன்பாடு கொடுத்தது. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் உலகம் அவ்வளவு மாறியிருந்தது.

இன்று இன்னும் மாறியிருக்கிறது. 1982 ஜனவரியில் சையத் ஜகூர் காசிம் தலைமையில் முதல் இந்தியக் குழு பனிக்கண்டத்தில் இறங்கியது. 1989 முதல் மைத்ரி நிலையமும், 2012 முதல் பாரதி நிலையமும் இயங்குகின்றன. 2008இல் வட துருவப் பகுதியில் ஹிமாத்ரி என்ற நிலையத்தை அமைத்தோம். அது இருப்பது ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில். கோட்ஸ் உம்கேரைக் கண்ட அதே தீவு! கோவாவில் உள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையம் இவற்றையெல்லாம் நடத்துகிறது. நெட் தேர்வில் ஆராய்ச்சி உதவித் தொகைக்குத் தேறியவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் என்று வகுத்திருக்கிறார்கள். வெளிநாடு என்றால், ஜெர்மனியிலும் நார்வேயிலும் டாக்டர் பட்ட ஆராய்ச்சியாளர் பலர் ஊழியராகவே சேர்க்கப்பட்டு மாதச் சம்பளம் பெறுகிறார்கள். பிரெமர்ஹாவனில் உள்ள ஆல்பிரட் வெகனர் நிலையத்தின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். தென் துருவ ஆராய்ச்சிக்கான சர்வதேசக் குழுவில் இந்தியா 1984 முதல் முழு உறுப்பினர். அக்குழு இளம் ஆராய்ச்சியாளருக்கு வேறொரு உறுப்பு நாட்டின் ஆய்வுக் கூடத்தில் சில மாதங்கள் வேலை செய்ய உதவித் தொகை தருகிறது. விண்ணப்பத்தில் எந்தக் கேள்வியை ஆராயப் போகிறீர், எதை அளக்கத் தெரியும், யாரோடு வேலை செய்யப் போகிறீர் என்று கேட்பார்கள். பென்குவின் பறவையைப் பார்க்க ஆசையா என்ற கேள்வி இல்லை. போட்டி கடுமையானது, இடங்கள் சில. ஆனால் வாசல் எங்கே என்று தெரியாத காலம் போய்விட்டது.

இராமநாதனின் கடைசி நாட்களுக்கு வருவோம். தொண்ணூறு வயதைக் கடந்தும் அவருடைய உறவு அகமதாபாத் கூடத்தோடுதான் இருந்தது. 1984ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் அவர் மறைந்தார்.

ஹாலி விரிகுடாவில் அந்த டாப்ஸன் கருவி மட்டும் ஓயவில்லை. அரசாங்கம் பல முறை செலவைக் குறைக்கப் பார்த்த அந்த எளிய வேலையை இருபத்தேழு ஆண்டுகளாக யாரோ ஒருவர் மாற்றி ஒருவர் செய்து வந்தார்கள். தொடக்க ஆண்டுகளில் அக்டோபர் மாதத்து ஓசோன் அளவு டாப்ஸன் அலகில் 300 அளவில் இருந்தது. 1984இல் அது சுமார் 200ஆக இறங்கியிருந்தது. குளிர்கால இருளில் துருவத்து மேல்காற்று நம் தலைக்கு மேலுள்ள அந்த வளையத்தைப் போலவே குளிர்ந்து, அங்கே பனித்துகள் மேகம் உண்டாகிறது. நாம் குளிர்பதனப் பெட்டிகளில் அடைத்த வாயுக்களிலிருந்து பிரிந்த குளோரின் அந்தத் துகள்களின் மேல் விழித்துக்கொள்கிறது. வசந்தத்தில் சூரியன் திரும்பியதும் ஓசோனைத் தின்னத் தொடங்குகிறது. ஜோ பார்மன், பிரயன் கார்டினர், ஜொனாத்தன் ஷாங்க்ளின் ஆகிய மூவரும் அந்த அளவுகளை எழுதி அனுப்பினார்கள். இராமநாதனின் 1929ஆம் ஆண்டுப் படம் வெளிவந்த அதே நேச்சர் இதழில் அது அச்சாயிற்று. 1985 மே மாதம். கல்பாத்தி இராமநாதன் மறைந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை.